ஷேர் ஆட்டோ அப்பா

காலையில் முதல் பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, முகம் தெரியாத ஆட்களுக்குப் போன் போட ஆரம்பிப்பேன். "வணக்கம், காலேஜிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகன் இன்றைக்கு வரவில்லை." மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஓட்டுப் போடும் வயது வந்த பிள்ளைகள். மீசை வைத்தவர்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டால் அதை வீட்டுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் பாடம் நடத்தும் தனியார் கல்லூரி திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து தினமும் காலேஜ் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது மாணவர்களைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நான் அவர்களுக்கு மென்டார், அவர்கள் எனக்கு வார்டு. ஆங்கிலம் நடத்துவது பாதி வேலைதான், வார்டுகளைக் கட்டி மேய்ப்பது மீதி. காய்ச்சல் என்றால் நான் கேட்க வேண்டும், காதல் என்றாலும் நான்தான் கேட்க வேண்டும். கிள்ளானில் நான் வேலை பார்த்த கல்லூரியிலும் ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. செமஸ்டருக்கு ஒரு தடவை மாணவன் வந்து உட்காருவான், "ஓகேதானே?" என்று கேட்பேன், "ஓகே" என்பான், என் மைலோ ஆறுவதற்குள் எழுந்து போய்விடுவான். அவனுக்கு அப்பா இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றால் புகார் வந்திருக்கும்.

இங்கே போன் எடுப்பவர்கள் என்னைப் பார்க்காமலே மரியாதையில் எழுந்து நிற்பார்கள் என்று நினைக்கிறேன். குரலில் அது தெரியும். "டீச்சரா? கொஞ்சம் இருங்க, மல்லாட்ட புடுங்கிக்கினு இருக்கோம், கைய கழுவிக்கினு வர்றேன்" என்றார் ஓர் அம்மா. மல்லாட்டை என்றால் என்னவோ பல்லோ பூச்சியோ என்று பதறி, பக்கத்து மேசைக்காரர்களிடம் கேட்டேன். அறையே சிரித்தது. நிலக்கடலையாம். நம்முடைய கச்சாங். நான் "கச்சாங்" என்றதும் இன்னொரு தடவை சிரித்தார்கள். அன்றிலிருந்து மாணவர்கள் மட்டுமில்லை, ஆசிரியர்களும் என்னை "மலேசியா மேம்" என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பெயர் ஒன்று இருப்பதை மாதச் சம்பளத்தின்போதுதான் இந்தக் கல்லூரி நினைத்துக்கொள்கிறது. அதே தமிழைப் பேசுகிற ஊருக்குத்தானே போகிறாய், உனக்கென்ன கவலை என்று நீங்கள் எல்லோரும் விமான நிலையத்தில் சொன்னீர்கள். அதே தமிழ்தான். அதனால்தான் இவர்களுக்கு நான் தப்பாகப் பேசுவது போலக் கேட்கிறது.

முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு விழுப்புரத்துக்கு வந்தவள் நான். என் கணவர் சரக்கு ரயில் ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் வீட்டில் இருக்கும்போது தூங்குவார், விழித்திருக்கும்போது காட்பாடியிலோ திருச்சியிலோ இருப்பார். மாமியார், மாமனார் இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை, இனி இருக்காது என்றும் இரண்டு பேருக்கும் தெரியும். ஸ்டேஷன் பக்கத்தில் வீடு. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று நாள் முழுவதும் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் அந்த வீட்டில் நான் கேட்ட தமிழில் முக்கால்வாசி அவளுடையதுதான். இதைச் சிரிக்கச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனிமையில் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன்.

அதனால்தான் ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வார்டுகளில் மோனிஷா என்று ஒரு பெண், பி.காம். இரண்டாம் ஆண்டு, வானூர் பக்கத்திலிருந்து வருகிறவள். நன்றாகப் படிப்பாள், ஆனால் முதல் வகுப்புக்கு அநேகமாக இருக்க மாட்டாள். பெற்றோர் கூட்டம் என்று கல்லூரியில் ஒன்று நடத்துவார்கள். அதற்கு அவள் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஐம்பது வயதுக்காரர். "நான்தான் மோனிஷா அப்பா, ஏழுமலைங்க" என்று கும்பிட்டார். மற்ற பெற்றோர் மார்க்கைக் கேட்டுவிட்டு ஓடுவார்கள். இவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார், கடைசியில் தயங்கிக்கொண்டே, "டீச்சருக்கு எந்த ஊரு? பேச்சு கேக்க நல்லாருக்குது" என்றார். இந்த நாட்டில் என் பேச்சு நன்றாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர். எல்லோரும் "நீங்க சிலோனா?" என்றுதான் கேட்பார்கள். அவருடைய நம்பரை வாங்கி "மோனிஷா அப்பா" என்று போனில் பதிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மோனிஷா வராத நாளெல்லாம் அவரைக் கூப்பிட்டேன். பின்னால் ஹாரன் சத்தமும், "பாண்டி, பாண்டி" என்று யாரோ கூவுவதும் கேட்கும். பஸ் ஸ்டாண்டில் ஏதோ வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "வந்துக்கினு இருக்கா டீச்சர், பஸ்ஸு லேட்டு, ஜல்தியா வந்துடுவா" என்பார். சொன்னபடியே அடுத்த வகுப்புக்கு அவளும் வந்துவிடுவாள். காரியம் முடிந்ததும் போனை வைக்க மாட்டார். "டீச்சர், சாப்டீங்களா?" என்பார். எனக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. நம் ஊரில் "பசியாறியாச்சா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துவிடுவோம். இவர் காத்திருப்பார். இன்றைக்கு இட்லி என்றால், "ஓட்டல் இட்லியா, வூட்டு இட்லியா?" என்பார். கணவர் ரயிலிலிருந்து வந்துவிட்டாரா என்று விசாரிப்பார். தீபாவளிக்கு நான் தனியாக இருந்ததை ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "சொல்லியிருந்தா ஒரு நடை வந்து பாத்துட்டு வந்துருப்பனே டீச்சர்" என்றார். போகப்போக, மோனிஷா பத்து நிமிஷம் தாமதமானால்கூட நான் போன் போட ஆரம்பித்தேன். கடமை தவறாத மென்டார் என்று துறைத்தலைவர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். எனக்குத்தான் தெரியும், அது கடமை இல்லை என்று.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டேன். அரசுப் பேருந்தில் திண்டிவனம் வந்து இறங்கி, கல்லூரி வழியாகப் போகும் ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏறினேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். ஏழுமலை. காக்கிச் சட்டையில், தலையில் துண்டோடு. "டீச்சர்!" என்று துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்கு வந்த இரண்டு வருஷத்தில் தெருவில் எதேச்சையாக ஒரு தெரிந்த முகத்தைப் பார்த்து, அந்த முகமும் என்னைப் பார்த்து மலர்ந்தது அதுதான் முதல் தடவை. காசு வேண்டாம் என்றார். உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று நான் சத்தமாகச் சொன்னேன், ஆட்டோவில் இருக்கும் மற்றவர்களும் கேட்கட்டும் என்று. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் வேறு துறை மாணவன் ஒருவன் ஓடிவந்து முன்னால் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். பின்னால் இருந்த என்னை அவன் கவனிக்கவில்லை.

"பாவாடண்ணே, நாளிக்கி எங்க டிபார்ட்மென்ட்ல பேரன்ட்ஸ் மீட்டிங். அப்பாவா வந்துடுண்ணே."

ஓட்டுநர் ஹாரனை இரண்டு தடவை அடித்தார்.

"போன வாட்டி போட்டுக்கினு வந்த வெள்ள சட்ட வேணாம்ணே, அந்த சார் ஞாபகம் வெச்சிருப்பாரு. வேற போட்டுக்க."

"டேய், வாய மூட்றா" என்றார் அவர். கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தார், உடனே விலக்கிக்கொண்டார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பாவாடை என்பது ஆளின் பெயராக இருக்கும் என்பதே எனக்குப் புதிது. அங்காளம்மன் கோயில் காவல்தெய்வத்தின் பெயர் அது என்று பிறகுதான் தெரிந்தது. கல்லூரி வாசலில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். "அப்போ ஏழுமலை?" என்று கேட்டேன். "அது மோனிஷா அப்பா பேரு டீச்சர்." "அப்போ நீங்க?" "நான் பாவாடைங்க. எனக்கும் மோனிஷாவுக்கும் ஒறவு ஒண்ணும் இல்ல, டெய்லி நம்ம வண்டில வர்ற புள்ள." பிறகு மிகவும் மெதுவாக, "புள்ள மேல கோச்சிக்காதீங்க டீச்சர், பேஜாராயிடும்" என்றார். நான் இறங்கி நடந்தேன். ஆசிரியைகளுக்கான கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கல்லூரியை ஏமாற்றியதற்காக இல்லை. கல்லூரி நாசமாய்ப் போகட்டும். ஆறு மாதமாக நான் சாப்பிட்டேனா என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர், அப்பாவாக நடிக்கப் பிடித்துவரப்பட்டவர் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

துறைத்தலைவரிடம் போனேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஷேர் ஆட்டோ அப்பாவா? அது தெரிஞ்ச கதைதானே மேடம்" என்றார். பரோட்டா மாஸ்டர் ஒருவர் உண்டாம், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா ஒருவர் உண்டாம். நிஜ அப்பா, அம்மாவெல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள், கூட்டத்துக்கு வர முடியாது. யாராவது ஒருவர் வந்து நின்றால் போதும் என்று கல்லூரியும் கண்டுகொள்வதில்லை. "எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியுமே." "என்னிடம் யாரும் சொல்லவில்லையே சார்?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த யார் மேடம் சொல்லுவாங்க?" என்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு அட்டென்டன்ஸ் ஓரமா நிக்குது. இனிமே ஒரு ஃபர்ஸ்ட் அவர் போச்சுன்னாலும் ஹால் டிக்கெட் வராது, நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க வார்டு, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். ஒரு செமஸ்டர் போவது பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் அடுத்த தவணையில் எழுதிக்கொள்ளலாம். இங்கே ஒரு பெண் பரீட்சை எழுதவில்லை என்று தெரிந்தால் வீட்டில் முதலில் சொல்வது, படித்தது போதும் என்பதுதான்.

மோனிஷா வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். திட்டத்தான் கூப்பிட்டேன், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளாகவே சொன்னாள். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள். ஒரு நாள் லீவு போட்டால் மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். இவள் சித்தி வீட்டில் இருக்கிறாள். சித்தி விடியும் முன்பே கடற்கரை கெஸ்ட் ஹவுஸில் துணி துவைக்கப் போய்விடுவாள். சித்தியின் இரண்டு குழந்தைகளை எழுப்பி, சோறாக்கி, அங்கன்வாடி திறக்கும்வரை வைத்திருந்து விட்டுவிட்டு, அப்புறம் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். முதல் வகுப்பு எப்படிக் கிடைக்கும்?

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க என்னைய கேக்கவே இல்லையே மேம். அப்பாவுக்குத்தான போன் பண்ணீங்க."

குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை, பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நிஜ அப்பாவின் நம்பரைக் கேட்டு வாங்கினேன். உண்மையான ஏழுமலைக்குக் கட்டைக் குரல். பின்னால் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "டீச்சரா? எம்பொண்ணு ஒண்ணும் பண்ணலியே?" என்று முதலில் பயந்தார். நிலைமையைச் சொன்னேன். கல்லூரிக்குப் பக்கத்தில் விடுதியில் சேர்த்தால்தான் இந்தப் பெண் பரீட்சை எழுத முடியும் என்றேன். "சேத்துருங்க டீச்சர். பணம் நான் போட்டு வுட்டுடறேன். சித்திகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். ஆனா வர்றதுக்கு இல்லிங்க, தளம் போட்டுக்கினு இருக்கோம். நீங்களே பாத்துக்குங்க. ஒங்க பொண்ணா நெனச்சிக்கங்க" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் எல்லாப் பெற்றோரும் ஆசிரியரிடம் இதைச் சொல்வார்கள். போனை வைப்பதற்கு ஒரு வழி அது, அவ்வளவுதான். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்பதும் அப்படித்தான். வந்த புதிதில் ஓர் ஆசிரியை அப்படிச் சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு நிஜமாகவே அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர்கள் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எனக்கும்தான். கேக்கைக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு சொல்வதையெல்லாம் நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். ஆனால் ஏழுமலை அன்றைக்குச் சொன்னதை நான் மறுபடியும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்குப் புத்தி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மாணவியர் விடுதி ஒன்று இருக்கிறது. சுத்தமான இடம், காலேஜ் பஸ் வாசலிலேயே நிற்கும். ஆனால் அங்கே இருக்கும் சிஸ்டர் கறாரானவர். பெற்ற அப்பாவோ அம்மாவோ நேரில் வராமல் எந்தப் பெண்ணையும் சேர்க்க மாட்டார், ஆசிரியர் சிபாரிசெல்லாம் எடுபடாது. நானும் மோனிஷாவும் யோசித்துக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றபோது பாவாடையின் ஆட்டோ வந்து நின்றது. ஒரு வாரமாக நான் அவரோடு பேசவில்லை. அவர் இறங்கிவந்து தள்ளி நின்றார். மோனிஷாதான் விஷயத்தைச் சொன்னாள். "நான் அப்பாவா வர முடியாதும்மா, அந்த சிஸ்டருக்கு சிலிண்டர், காய்கறி எல்லாம் நான்தான எறக்கறேன், மூஞ்சி தெரியும்" என்றார். பூக்கார அம்மாவையும் பரோட்டா மாஸ்டரையும்கூட சிஸ்டருக்குத் தெரியும். பிறகு அவர் என்னைப் பார்த்து, மிகவும் சாதாரணமாகச் சொன்னார்: "நீங்களே அம்மாவா வந்துடுங்க டீச்சர்."

மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். தெரிந்தால் வேலை போய்விடும். ஒரு கல்லூரி ஆசிரியை பொய்யாகத் தாய் என்று போய் நின்றாள் என்றால் நாளைக்கு எவர் என்னை நம்பி வேலை கொடுப்பார்கள்? மோனிஷா கெஞ்சவில்லை. "பரவால்ல மேம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெண் இவ்வளவு சீக்கிரம் பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. சனிக்கிழமை போகலாம் என்றேன். பாவாடை முகம் மலர்ந்து, அனுபவஸ்தர் என்ற முறையில் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "வாட்ச்ச கழட்டிடுங்க. கழுத்துல கார்டு கூடாது. சேர் போட்டா ஒடனே ஒக்காராதீங்க, ரெண்டாவது வாட்டி சொன்னா ஒக்காருங்க. கேட்டதுக்கு மட்டும் பதிலு. பெத்தவங்கன்னா ரொம்பப் பேசக் கூடாது டீச்சர், அங்கதான் நெறைய பேரு மாட்டிக்கினு முழிக்கிறாங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு சேர்ந்து சிரிப்பதும் ஒரு மாதிரி சமாதானம்தான்.

சனிக்கிழமை பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். பாவாடை ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். சிஸ்டர் உயரமானவர், கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். சேர் போட்டார், நான் நின்றேன். இரண்டாம் முறை சொன்னதும் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எங்கே என்றார், பெங்களூரில் கட்டட வேலை என்றேன். பெண்ணுக்கு ஏதாவது வியாதி உண்டா என்றார். எனக்குத் தெரியாது. மோனிஷாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே இல்லை என்றாள். "ஒன்றும் இல்லை சிஸ்டர். நல்லாச் சாப்பிடுவா, முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடுவா. பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். பாவாடை சொன்னது சரிதான். சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"பேச்சு ஒரு மாதிரியா இருக்கே. எந்த ஊரும்மா உங்களுக்கு?"

வானூர் என்றால் இந்தப் பேச்சு யாருக்கும் ஒத்துவராது. விழுப்புரம் என்றாலும் அப்படித்தான். எந்த ஊரைச் சொன்னாலும் என் நாக்கே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது மோனிஷா எனக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் அலுப்போடு, வீட்டில் அம்மாவைப் பற்றிப் பேசும் பெண் பிள்ளைகளின் அதே அலுப்போடு, "எங்கம்மா அப்டித்தான் சிஸ்டர் பேசும். அம்மாவுக்கு கடலோரத்து ஊரு" என்றாள்.

"அதானே பாத்தேன். பொம்மையார்பாளையமா?" என்று சிஸ்டர் சிரித்தார். "அந்தப் பக்கத்து மீன்காரங்க இப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுவாங்க."

"ஆமாம் சிஸ்டர், அங்கதான்" என்றேன். கிள்ளானும் கடலோரம்தான், அதை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். என் பூட்டனார் இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினாராம். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொம்மையார்பாளையமாகவும் இருக்கலாம், யார் கண்டது? ஆனால் நான் பிறந்த ஊரை நானே வாயால் இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். சொன்ன பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிஸ்டர் அதைத் தாயின் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, "எல்லாரும் இப்படித்தாம்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று தண்ணீர் கொடுத்தார். மோனிஷா பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பாதியில் நின்று, "நீ கெளம்பும்மா, பஸ்ஸு போய்டும்" என்றாள். நான் தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பாவாடை அங்கேயே காத்திருந்தார். ஆட்டோவில் ஏறிய பிறகு, "டீச்சர், சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அதற்கப்புறம் ஒரு முதல் வகுப்பைக்கூட அவள் விடவில்லை. ஹால் டிக்கெட் வந்தது, பரீட்சை எழுதினாள். கல்லூரியில் நான் அவளுக்கு "மேம்". மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் பார்க்க வரும் நாளில், வாட்ச்சைக் கழற்றிவிட்டு அம்மா. விடுதியில் இருக்கும் எங்கள் கல்லூரிப் பெண்கள் என்னைப் பார்த்தாலும் காட்டிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் சொல்வார்கள்? கூடத்து பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. மற்ற அம்மாக்கள் மகள்களின் தலையைப் பிரித்துப் பேன் பார்ப்பார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். நேரம் முடிந்ததும் அவள் நிஜ அம்மாவோடு போனில் பேச வேண்டும் என்று ஓடிவிடுவாள். அது நியாயம்தானே. வீட்டுக்குத் திரும்பி வரும் அந்தச் சனிக்கிழமை மாலைகள்தான் வாரத்திலேயே மிகவும் வெறிச்சோடி இருக்கும், ஆனாலும் அடுத்த மாதம் எப்போது வரும் என்று நாள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் சிஸ்டர் என்னை நிறுத்தி, "பொம்மையார்பாளையத்துக்காரங்க வெறுங்கையோட வர்றீங்களே, ஒரு நாள் நல்ல வஞ்சிரம் கொண்டாங்க, பிள்ளைங்களுக்குக் குழம்பு வைக்கலாம்" என்றார். மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதனால் நேற்று அதிகாலை, இதுவரை கண்ணால் பார்த்திராத என் சொந்த ஊருக்குப் புறப்பட்டேன். விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி, அங்கிருந்து கோட்டக்குப்பம் வழியாக இன்னொரு பஸ். கரையில் படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. வெள்ளைக்காரர் இரண்டு பேர் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஊர்க்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். மணலில் சாக்கை விரித்து மீன் வைத்திருந்த ஓர் அக்காவிடம் குனிந்து வஞ்சிரம் விலை கேட்டேன். நான் வாயைத் திறந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் மலேசியா என்று சொல்லி, அங்கே தங்கம் என்ன விலை, எங்கள் தம்பிக்கு வேலை கிடைக்குமா என்று வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். நேற்று என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது வேறு.

"திண்டிவனம்க்கா. என் பொண்ணு அங்க ஹாஸ்டல்ல படிக்கிறா. அவளுக்குத்தான்."

"படிக்கிற புள்ளையா? அப்ப இத்தையும் எடுத்துக்கினு போ, வறுத்துக் குடு" என்று பையில் ஐஸோடு இருந்த வஞ்சிரத்தின் மேல் ஒரு கை நெத்திலியை அள்ளிப் போட்டார். நெத்திலிக்குக் காசு வாங்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை போய் நின்றேன். இந்தக் கடலைக் கிழக்கே தாண்டினால் எங்கோ நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். அங்கே நான் யார் வீட்டுப் பெண் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், சந்தையில் மீன் வெட்டுகிறவருக்குக்கூட அப்பா பெயர் தெரியும். இங்கே எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், யாராவது தீர விசாரித்தால் இல்லாமல் போய்விடுகிற மகள். பையிலிருந்து மீன் தண்ணீர் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று, கடலுக்கு முதுகைக் காட்டித் திண்டிவனம் பஸ்ஸுக்கு நடந்தேன்.